மலை சொன்ன தேதி: பாறை அளவீடுகளும் எக்செல் கட்டங்களும்

1963 அக்டோபர் 9, இரவு 10.39 மணி. இத்தாலியின் வடகிழக்கில் டோக் என்ற மலையின் வடக்குச் சரிவு அப்படியே பெயர்ந்து, கீழே இருந்த வயோன்ட் நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழும்பிய அலை அணையின் உச்சிக்கு மேல் நூறு மீட்டருக்கும் அதிகமாக உயர்ந்து, அணையைத் தாண்டி, பியாவே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த லொங்கரோனே ஊரையும் சுற்றியிருந்த கிராமங்களையும் வாரிக்கொண்டு போனது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அணை மட்டும் உடையவில்லை. இன்றும் நிற்கிறது!

இது திடீரென்று வந்த விபத்து அல்ல. அந்த மலை நகர்கிறது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக அதை அளந்துகொண்டிருந்தார்கள். எந்தத் தேதியில் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது, அன்று ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதெல்லாம் பதிவாகியிருந்தது. எண்கள் எல்லாம் இருந்தும் மலை விழப்போகும் நாள் ஏன் தெரியாமல் போனது? அதே எண்களை இன்று ஒரு கல்லூரி மாணவர் எக்செல் தாளில் போட்டால் ஏன் அது தெரிகிறது? பாறை அளவீட்டின் வரலாறு இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அணையும் மலையும்

வயோன்ட் அணையின் உயரம் சுமார் 262 மீட்டர். அந்தக் காலத்தில் உலகின் மிக உயரமான அணைகளில் ஒன்று. சாடே என்ற மின் நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தவர் கார்லோ செமென்சா. 1960 பிப்ரவரியில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள்.

கார்லோவின் மகன் எடுவார்டோ செமென்சா ஒரு புவியியலாளர். அணைக்கு அருகே டோக் மலைச் சரிவை ஆராய்ந்த அவர், அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை சரிந்து வந்து நின்ற பழைய சரிவு என்று சொன்னார். தண்ணீர் ஏறினால் மறுபடியும் நகரலாம் என்பது அவருடைய கருத்து. அப்பாவின் அணையைப் பற்றி மகன் சொன்ன எச்சரிக்கை இது.

ஊர்க்காரர்களுக்கும் பயம் இருந்தது. அவர்களுடைய பயத்தைப் பத்திரிகையில் எழுதிய டினா மெர்லின் என்ற பெண் நிருபர் மீது, பொய்ச் செய்தி பரப்பிப் பொது அமைதியைக் கெடுத்ததாக வழக்குப் போடப்பட்டது. 1960 நவம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே மாதம் 4ஆம் தேதி, டோக் சரிவிலிருந்து சுமார் 7 லட்சம் கன மீட்டர் பாறை ஏரியில் விழுந்திருந்தது. மலைமேல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்கு எம் எழுத்தைப் போல ஒரு விரிசலும் தெரிந்தது.

அதன் பிறகுதான் அளவீடு தீவிரமானது. சரிவு முழுவதும் குறிகளைப் பதித்து, எதிரிலிருந்து தியோடலைட் வைத்து அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏரியைப் பிரேக்காக நினைத்தார்கள்

குறிப்பேட்டில் சேர்ந்த எண்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கீழே சொல்லும் நீர்மட்டங்கள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டவை.

முதல் முறை, 1960. நீர்மட்டம் சுமார் 650 மீட்டரை எட்டியபோது சரிவு நாளுக்கு 3 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தது. தண்ணீரை 600 மீட்டர் வரை இறக்கினார்கள். நகர்வு ஏறத்தாழ நின்றது.

இரண்டாம் முறை, 1962. மட்டம் 700 மீட்டர். வேகம் நாளுக்கு 1.2 சென்டிமீட்டர்தான். தண்ணீரை இறக்கியதும் மறுபடியும் நின்றது.

இந்த இரண்டு வரிகளையும் ஒன்றாகப் படித்தால் என்ன தோன்றும்? தண்ணீர் இன்னும் மேலே ஏறியிருக்கிறது, ஆனால் மலை முன்பைவிட மெதுவாக நகர்கிறது. அப்படியானால் ஒருமுறை நனைந்த பாறை மறுமுறை அவ்வளவாக நகராது என்று ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஆஸ்திரியப் பாறையியல் நிபுணர் லியோபோல்ட் முல்லர் உள்ளிட்டோரின் யோசனைகள் இந்தத் திசையில்தான் போயின. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி மலையை மெதுவாக, கட்டுப்பாட்டோடு கீழே இறக்கிவிடலாம் என்று நம்பினார்கள். அதாவது ஏரியையே மலைக்குப் பிரேக்காக வைத்துக்கொள்வது! பாறை விழுந்து ஏரி இரண்டாகப் பிரிந்தாலும் தண்ணீர் போக வேண்டும் என்று ஒரு சுரங்கக் கால்வாயும் வெட்டினார்கள்.

இன்னொரு பக்கம், 1:200 அளவில் ஏரியின் மாதிரி ஒன்றைக் கட்டி, அதற்குள் சரளைக்கல்லைச் சரித்து அலையை அளந்தார்கள். மட்டம் 700 மீட்டரில் இருந்தால் ஆபத்தில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மூன்றாம் முறை, 1963. செப்டம்பர் தொடக்கத்தில் மட்டம் 710 மீட்டர். வேகம் கூடத் தொடங்கியது. மாதக் கடைசியில் வழக்கம்போலத் தண்ணீரை இறக்கினார்கள். ஆனால் இந்த முறை பிரேக் பிடிக்கவில்லை. தண்ணீர் இறங்க இறங்க மலையின் வேகம் ஏறியது. அக்டோபர் 9 அன்று மட்டம் "பாதுகாப்பான" 700 மீட்டரை நெருங்கியபோது, வேகம் நாளுக்கு 20 சென்டிமீட்டர்.

முதல் நாள்தான் டோக் சரிவில் வசித்தவர்களை வெளியேறச் சொல்லியிருந்தார்கள். அணைக்குக் கீழே இருந்த லொங்கரோனேவை யாரும் எச்சரிக்கவில்லை.

அதே பத்தாண்டில் சிலியில்

வளைகோட்டைப் பார்த்து நாள் சொல்வது அந்தக் காலத்தில் முடியாத காரியமா? அப்படியும் சொல்ல முடியாது. ஆறு ஆண்டுகளுக்குள் ஒரு சுரங்கத்தில் அதைச் செய்து காட்டினார்கள்.

சிலி நாட்டின் பாலைவனத்தில் சுக்கிகமாட்டா என்ற மாபெரும் திறந்தவெளித் தாமிரச் சுரங்கம் இருக்கிறது. 1960களின் கடைசியில் அதன் ஒரு பக்கப் பாறைச் சுவர் நகரத் தொடங்கியது. பொறியாளர்கள் சுவரில் பல புள்ளிகளை அளந்து, நாளையும் நகர்வையும் வரைபடத்தாளில் கையால் குறித்தார்கள். கோடு மேல்நோக்கி வளைந்தது. மிக வேகமாக நகரும் புள்ளியின் வளைவை அப்படியே நீட்டி, அது செங்குத்தாக எழும் நாளைப் படித்தார்கள். 1969 ஜனவரி நடுவில் அவர்கள் சொன்ன நாள், பிப்ரவரி 18. அந்த நாளிலேயே பாறைச் சுவர் விழுந்தது.

கென்னடி, நீர்மையர் என்ற இருவர் 1970இல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். பாறைச் சரிவைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இன்றும் சந்திக்கும் உதாரணம் இது.

ஆனால் இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. வளைகோட்டைக் கையால் நீட்டும்போது, ஒருவர் நீட்டுவது போல இன்னொருவர் நீட்ட மாட்டார். எந்த இடத்தில் அது செங்குத்தாகிறது என்பது பார்க்கிறவரின் கண்ணைப் பொறுத்தது. வளைவை நேர்கோடாக மாற்ற ஒரு வழி வேண்டியிருந்தது.

ஒரே ஒரு வகுத்தல்

அந்த வழியை 1985இல் ஜப்பானியரான ஃபுகுசோனோ காட்டினார். செயற்கை மழை பெய்வித்து மண்சரிவை உண்டாக்கும் பெரிய சோதனைகளில் வேகத்தை அளந்தவர் அவர். அவர் செய்தது மிக எளிய காரியம். வேகத்தை அப்படியே வரையாமல், ஒன்றை வேகத்தால் வகுத்து வரைந்தார்.

ஒரு கற்பனை உதாரணம். ஒரு பாறையின் வேகம் முதலில் நாளுக்கு 1 மில்லிமீட்டர். 5ஆம் நாள் 1.33. 10ஆம் நாள் 2. 15ஆம் நாள் 4. இந்த எண்களை மட்டும் பார்த்தால் எப்போது விழும் என்று தெரியாது. இப்போது ஒன்றை இவற்றால் வகுத்தால் 1, 0.75, 0.5, 0.25 என்று வருகிறது. ஐந்து நாளைக்குக் கால் பங்கு குறைகிறது. அடுத்தது? 20ஆம் நாள், பூஜ்யம். ஒன்றை எதனால் வகுத்தால் பூஜ்யம் வரும்? முடிவில்லாத வேகத்தால். அதாவது பாறை விழும் நாள் அதுதான்!

1980களின் கடைசியில் அமெரிக்க விஞ்ஞானி பாரி வொய்ட் இந்த எண்ணத்தை விரிவாக்கி, எரிமலை வெடிப்பு வரைக்கும் கொண்டு போனார். அதன் பிறகு பலர் வயோன்ட்டின் பழைய பதிவுகளை எடுத்து இதே வகுத்தலைச் செய்து பார்த்தார்கள். கடைசிச் சில வாரங்களின் புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் இறங்கி, அக்டோபர் 9ஐ ஒட்டிப் பூஜ்யத்தைத் தொட்டன. குறிப்பேட்டில் மூன்று நெடுவரிசைகள் இருந்தன: தேதி, நகர்வு, நீர்மட்டம். இல்லாமல் போனது நான்காவது நெடுவரிசை.

கட்டங்கள் வந்த கதை

இந்த நான்காவது நெடுவரிசையை யார் வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலையை விரிதாள் மென்பொருள்தான் கொண்டுவந்தது. ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்த டேன் பிரிக்லின், ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றியதும் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய விசிகால்க், 1979. பிறகு 1983இல் லோட்டஸ் 1-2-3. 1985இல் மேக்கின்டோஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் எக்செல்.

கடைக் கணக்குக்கும் கம்பெனி பட்ஜெட்டுக்கும் வந்த கருவி இது. ஆனால் நில அளவையாளரின் வேலையும் அதே மாதிரிதான். பாறையில் பதித்த பிரிசத்தை டோட்டல் ஸ்டேஷன் கருவியால் பார்த்தால் மூன்று எண்கள் கிடைக்கும்: கிடைக்கோணம், உச்சியிலிருந்து அளக்கும் செங்கோணம், சாய்தூரம். இவற்றை வைத்துப் புள்ளியின் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சாய்தூரத்தைச் செங்கோணத்தின் சைனால் பெருக்கினால் கிடைத்தூரம். அதைக் கிடைக்கோணத்தின் சைனால் பெருக்கினால் கிழக்கு, கொசைனால் பெருக்கினால் வடக்கு. சாய்தூரத்தைச் செங்கோணத்தின் கொசைனால் பெருக்கினால் உயரம்.

இதை மடக்கை அட்டவணை வைத்துக் கையால் போட்டால், ஒரு புள்ளிக்கே பல நிமிடம் ஆகும். ஐம்பது புள்ளி என்றால் ஒரு நாள் போய்விடும். எக்செலில் முதல் வரியில் சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்தால் போதும். நேற்றைய இடத்துக்கும் இன்றைய இடத்துக்கும் உள்ள தூரம் ஒரு நெடுவரிசை. அதை இடைப்பட்ட நாட்களால் வகுத்தால் வேகம், இன்னொரு நெடுவரிசை. ஒன்றை வேகத்தால் வகுத்தால் ஃபுகுசோனோவின் நெடுவரிசை. ஸ்லோப், இன்டர்செப்ட் என்ற இரண்டு ஃபங்ஷன்கள் நேர்கோட்டைக் கொடுத்துவிடும். கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம் ஒரு தேதி.

பாறை நகரவே இல்லை என்றால் வேகம் பூஜ்யம். அப்போது அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று எக்செல் கத்தும். பிழைச் செய்தி நல்ல செய்தியாக இருக்கும் வேலை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

கட்டத்துக்குள் உள்ள குழிகள்

கணக்கு எளிதாகிவிட்டதால் தவறும் எளிதாகிவிட்டது. இந்த வேலையைத் தொடங்கும் மாணவர்கள் விழும் குழிகள் ஏறத்தாழ ஒன்றேதான்.

முதலாவது, கோணம். எக்செலின் சைன், கொசைன் எல்லாம் ரேடியனில் வேலை செய்பவை. டிகிரியை அப்படியே கொடுத்தால் விடை வரும், ஆனால் பாறை வேறு எங்கோ போய் நிற்கும். இன்னொரு தவறு, 45 டிகிரி 59 நிமிடத்தை 45.59 என்று எழுதுவது. மறுநாள் அந்தக் கோணம் 46 டிகிரி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் மாறியது ஒரு நிமிடம். 500 மீட்டர் தூரத்தில் அது சுமார் 15 சென்டிமீட்டர். தாளில் 45.59லிருந்து 46.00 என்று ஆவதால், பாறை மூன்றரை மீட்டர் தாவியதாகத் தெரியும்!

இரண்டாவது, தேதி. எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1 தான் அதற்கு 1. அதனால்தான் இரண்டு தேதிகளைக் கழித்தால் நாட்கள் கிடைக்கின்றன. ஆனால் பழைய மேக்கின்டோஷ் எக்செல் 1904இலிருந்து எண்ணும். ஒரு தாளின் எண்களை இன்னொன்றில் ஒட்டினால் 1,462 நாட்கள் தள்ளிப்போய்விடும். விழும் நாளைக் கண்டுபிடிக்கிற கணக்கில் நான்கு வருடப் பிழை.

மூன்றாவது, காற்று. டோட்டல் ஸ்டேஷன் தூரத்தை ஒளியால் அளக்கிறது. வெப்பநிலையில் 1 டிகிரி பிழை இருந்தால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பிழை. காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி மாறினால் 1 சென்டிமீட்டர். திருத்தம் போடாவிட்டால், அசையாத பாறை தினமும் காலையில் போய் மாலையில் திரும்பி வருவதாகக் காட்டும். அதனால்தான் நகரவே நகராத உறுதியான பாறையிலும் சில பிரிசங்களைப் பதிக்கிறார்கள். அவை நகர்ந்தால் தவறு மலையில் இல்லை, கணக்கில் என்று அர்த்தம்.

நான்காவது, பொறுமையின்மை. கோணத்தில் 2 விநாடிப் பிழை ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டருக்குச் சமம். பாறை நாளுக்கு 1 மில்லிமீட்டர் நகரும்போது இரண்டு நாள் அளவை மட்டும் வைத்து வேகம் கண்டுபிடித்தால், அது பாறையின் வேகம் இல்லை, பிழையின் வேகம். ஒன்றை அதனால் வகுக்கும்போது பிழை இன்னும் பெரிதாகும். பல நாள் சராசரி எடுத்த பிறகே வகுக்க வேண்டும்.

தாளின் நீளத்திலும் பிரச்சினை இருந்தது. எக்செல் 2003 வரை ஒரு தாளில் 65,536 வரிகள்தான். பத்து பிரிசங்களை மணிக்கு ஒருமுறை அளந்து ஒரே தாளில் எழுதினால் ஒன்பது மாதத்தில் தாள் நிரம்பிவிடும். 2007 பதிப்பில்தான் அது பத்து லட்சம் வரிகளைத் தாண்டியது.

தேதி மட்டும் போதுமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்ஹாம் கேன்யன் தாமிரச் சுரங்கம் இதற்குப் பதில் சொல்கிறது. 2013 பிப்ரவரியில் அதன் ஒரு சுவரில் நகர்வு தெரிந்தது. பிரிசங்களோடு ரேடாரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வேகம் கூடியது. ஏப்ரல் 10 அன்று, விழப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். அன்று இரவே, ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சரிந்தது. ஏறத்தாழ 14.5 கோடி டன் பாறை. ஒருவருக்கும் காயமில்லை.

ஆனால் பாறை எதிர்பார்த்ததைவிட அதிக தூரம் ஓடியது. பாதுகாப்பான இடம் என்று நினைத்த பகுதியில் நிறுத்தியிருந்த ராட்சத லாரிகளும் ஷவல்களும் சேதமடைந்தன. எப்போது என்பதை எண்கள் சொல்லின. எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லவில்லை.

வயோன்ட்டிலும் இதே இரண்டு கேள்விகள்தான் இருந்தன. மலை எப்போது விழும் என்பது ஒன்று. விழுந்தால் அலை எவ்வளவு உயரும் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் சரளைக்கல் மாதிரி தவறான தைரியத்தைக் கொடுத்தது. ஃபுகுசோனோவின் வகுத்தல் 1963இல் இல்லை என்பதும் உண்மை. அதனால் அன்றைய அளவையாளர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் ஒழுங்காக அளந்தார்கள். அதனால்தான் இன்று அந்தக் கோட்டைப் போட முடிகிறது.

ஆனால் வேகம் 1 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டர் ஆனதைப் புரிந்துகொள்ள எந்தச் சூத்திரமும் தேவையில்லை. தண்ணீரை இறக்கியும் மலை நிற்கவில்லை என்பது அந்தக் குறிப்பேட்டிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகும், முன்பு இரண்டு முறை நின்றதே, இந்த முறையும் நிற்கும் என்று காத்திருந்தார்கள். கீழே இருந்த ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கு 1971 வரை நடந்தது. இரண்டு அதிகாரிகள் குற்றவாளிகள் என்று முடிந்தது.

எக்செலில் ஒரு கட்டத்தில் அந்த இரவின் தேதியையும் நேரத்தையும் எழுதி, அதை எண்ணாக மாற்றிப் பாருங்கள். 23293.94 என்று வரும். எல்லாத் தேதிகளையும் போல அதுவும் ஒரு எண். ஆனால் லொங்கரோனேயில் 2,000 பேருக்கு அடுத்த எண் வரவே இல்லை. பாறையை அளக்கும் எந்தத் தாளிலும் தேதி, நகர்வு, வேகம், தலைகீழ் வேகம் என்ற நான்கு நெடுவரிசைகளோடு இன்னொன்றும் இருக்க வேண்டும்: இந்த எண்ணை யாரிடம் சொல்ல வேண்டும், சொல்லியாகிவிட்டதா? அதற்கு மட்டும் எக்செலில் ஃபங்ஷன் கிடையாது.